பதினாறாவது வார்த்தை

டாக்டர் ருக்மிணி கொடுத்தது பதினைந்து வார்த்தைகள். அந்தப் பெண் திருப்பிச் சொன்னது பதினாறு.

"ஒண்ணு சேத்தி வந்தா சந்தோசந்தானுங்களே டாக்டர்?" என்றார் பழனிசாமி. "எங்கூட்டுல பத்துச் சட்டை சலவைக்குப் போட்டா ஒம்பதுதானுங்க திரும்பி வருது."

டாக்டர் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலைமையிலும் அவர் இல்லை. சுவரில் மணி மூன்று. ஐந்து மணிக்குள் அவர் ஒரு ரிப்போர்ட் அனுப்பியாக வேண்டும்.

ஹைதராபாத் ஏ.எஸ்.ராவ் நகர் மெயின் ரோட்டில், ஒரு பேக்கரிக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்தது அவருடைய சோதனை மையம். தலையில் அடிபட்டவர்கள், ஒரு தடவை வலிப்பு வந்தவர்கள், மூளைக் காய்ச்சலில் படுத்து எழுந்தவர்கள் என்று பலர் அங்கே வருவார்கள். ஆனால் வருகிற எல்லோரும் ஒன்று விமானம் ஓட்டுகிறவர்கள், இல்லையென்றால் விமானத்துக்கு வழி சொல்கிற கண்ட்ரோலர்கள். அவர்களை மறுபடி வேலையில் உட்கார வைக்கலாமா என்று ஞாபகம், கவனம், வேகம் மூன்றையும் நாள் முழுக்கச் சோதித்து எழுதித் தருவது டாக்டரின் வேலை. அவர் எழுதுவதை மெடிக்கல் போர்டு தட்டியதே இல்லை.

"சுபாஸ்ரீன்னு பொண்ணு. முப்பத்து மூணு வயசு. ஏர் டிராஃபிக் கண்ட்ரோலர்" என்றார் டாக்டர். "எட்டு மாசம் முன்னாடி ஸ்கூட்டர்லேர்ந்து விழுந்து தலையில அடி. ரெண்டு நாள் நினைவே இல்லை. போன வியாழக்கிழமை இங்க வந்தா. நானே டெஸ்ட் பண்ணினேன். எல்லாத்துலயும் பிரமாதம். பதினஞ்சு வார்த்தையைப் படிச்சுக் காட்டித் திருப்பிச் சொல்லச் சொன்னேன், கடைசியில இதைச் சொன்னா பாருங்கோ."

அவர் ஒரு தாளைத் தள்ளினார். துப்பறியும் ஸ்டெல்லா அதை எடுத்துப் பார்த்தாள். குடை, ஏணி, பூட்டு, சட்டை, மாமரம் என்று டாக்டரின் அவசரக் கையெழுத்தில் வார்த்தைகள் மேலும் கீழுமாகக் கிடந்தன. அம்புக்குறிகள், அடித்தல்கள். கடைசியில் சிவப்பு மையில் வட்டமிட்டு ஒரு வார்த்தை: முருங்கைக்காய்.

"இது பட்டியல்லயே இல்லையா?"

"இந்தப் பட்டியல்ல ஒரு காய்கூடக் கிடையாது. பழைய பட்டியல்ல உண்டு. அதோட முதல் வார்த்தையே முருங்கைக்காய்தான்." டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "பட்டியலை நான் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை மாத்திடுவேன். புதன்கிழமை வரைக்கும் பழசு. வியாழக்கிழமை காலம்பற புதுசு. அவளுக்கு அது தெரியாது. எங்கேயோ பழசைப் பார்த்து மனப்பாடம் பண்ணிண்டு வந்திருக்கா. அதுல ஒண்ணு வழுக்கி வெளியில வந்துடுத்து."

"சாம்பார் ஞாபகம் வந்திருக்குமுங்க" என்றார் பழனிசாமி. "மத்தியானப் பசி நேரம் வேற."

"தமிழ்ல இருக்கிற அத்தனை வார்த்தையிலயும் என் முதல் வார்த்தைதான் ஞாபகம் வரணுமா, மிஸ்டர் பழனிசாமி?"

பழனிசாமி முதல் முறையாக வாயை மூடினார். ஐம்பத்தாறு வயது. ராமச்சந்திராபுரம் தொழிற்சாலை கேட்டில் இருபத்தாறு வருஷம் செக்யூரிட்டியாக நின்று, உள்ளே போகிறவன் டிபன் பாக்ஸைப் பார்த்தே அவன் வீட்டில் சண்டையா சமாதானமா என்று சொல்லிவிடுவார். கோயம்புத்தூர்த் தமிழை விடவில்லை, ஹைதராபாத் இந்தியையும் நாக்கிலிருந்து இறக்கவில்லை. ஸ்டெல்லாவுக்கு அவர் உதவியாளர் என்று பெயர். அவர் வாயை அடக்குவது ஸ்டெல்லாவின் உபதொழில்.

"பழைய பட்டியல் எங்க இருக்கும்?" என்றாள் ஸ்டெல்லா.

"அந்த பீரோவுல. சாவி எங்கிட்ட ஒண்ணு, சங்கர்கிட்ட ஒண்ணு."

பெயரைச் சொன்னதும் சங்கரே காபியோடு வந்தான். டாக்டரிடம் நான்கு வருஷமாக வேலை பார்க்கிற உதவி சைக்காலஜிஸ்ட். இஸ்திரி கலையாத சட்டை, இறங்கிய குரல்.

"பைலட் கோச்சிங் குரூப்ல நம்ம பழைய லிஸ்ட் சுத்துதுன்னு கேள்விப்பட்டேன் மேடம்" என்றான். "பாவம், அந்த அக்காவுக்கும் யாரோ அனுப்பியிருப்பாங்க. வேலை போயிடுமோன்னு பயத்துல பாத்திருப்பாங்க."

"வியாழக்கிழமை இங்க வேற யாருக்காவது டெஸ்ட் நடந்ததா?" என்று கேட்டாள் ஸ்டெல்லா.

"கேப்டன் வெங்கட்ரமணன்" என்றார் டாக்டர். "சின்னதா ஒரு ஸ்ட்ரோக் வந்து சரியானவர். அதே நேரத்துல பக்கத்து கேபின்ல சங்கர் பண்ணினான். அஞ்சு தடவை படிச்சுக் கேட்டதுல அஞ்சு தடவையும் பதினஞ்சுக்குப் பதினஞ்சு. அந்த வயசுக்கு ஆச்சரியம்தான்."

அந்தத் தாளையும் ஸ்டெல்லா வாங்கிப் பார்த்தாள். அடித்தல் இல்லை, அம்புக்குறி இல்லை. குடையில் தொடங்கி வரிசையாக, முத்து முத்தான கையெழுத்து. பள்ளிக்கூடத்தில் காட்டினால் பரிசு கொடுப்பார்கள். அவள் அதை மடிக்காமல் மேஜையில் வைத்தாள்.

"சுபாஸ்ரீ பத்தி என்ன எழுதப் போறீங்க டாக்டர்?"

"கேள்வித்தாள் முன்னாடியே தெரிஞ்சிருந்ததுன்னு எழுதணும். எழுதினா அவ்வளவுதான். இந்த ஜென்மத்துக்கு அவளை மைக் கிட்ட விட மாட்டா." டாக்டர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "யார் கொடுத்தான்னு தெரியாம எழுத எனக்கு மனசு வரலை. அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன்."

*

நாச்சாரத்துக்குப் போகும் வழியெல்லாம் லாரிகள். பழனிசாமியின் பழைய ஆல்ட்டோ ஒவ்வொன்றுக்கும் பின்னால் நின்று மூச்சு வாங்கியது.

"அம்மிணி, பையன் சொன்னதுதான் நெசமா இருக்கும்" என்றார் அவர். "வேல போற பயத்துல எல்லாரும் பிட்டு அடிக்கறதுதான். எங்க ஃபேக்டரி டிரைவர் டெஸ்ட்டுல ஒருத்தன் கண்ணு டெஸ்ட் போர்டையே மனப்பாடம் பண்ணிட்டு வந்துட்டான். போர்டை மாத்திட்டாங்க. அவன் பாட்டுக்குப் பழசை ஒப்பிக்கறான்."

"பிடிச்சிட்டாங்களா?"

"நை, புடிக்கல. டாக்டருக்கே கண்ணு தெரியாது."

ஸ்டெல்லா சிரித்துவிட்டாள். ஆனால் மனசு சிரிக்கவில்லை. பதினொரு வருஷமாகத் திருடர்களைப் பார்க்கிறாள். பதினைந்தில் பதினைந்து வாங்கத் தெரிந்த திருடி பதினாறாவதைச் சொல்லி ஏன் மாட்டிக்கொள்ள வேண்டும்?

சுபாஸ்ரீயின் வீடு ஒரு பிஸ்கட் தொழிற்சாலைக்குப் பின்புறம், மூன்றாவது மாடி. கணவர் ஆபீஸ் போயிருந்தார். கதவைத் திறந்தவள் மெலிந்திருந்தாள். இடது புருவத்துக்கு மேலே தையல் போட்ட கோடு. டாக்டர் அனுப்பினார் என்றதும் அவள் முகத்தில் இருந்த கொஞ்ச ரத்தமும் இறங்கியது.

ஸ்டெல்லா சுற்றி வளைக்கவில்லை.

"முருங்கைக்காய் எங்க கிடைச்சது?"

"தெரியல மேடம்."

"பழைய லிஸ்ட் யாராவது அனுப்பினாங்களா?"

"இல்ல." அவள் மெதுவாக உட்கார்ந்தாள். "நான் அதைச் சொன்னதும் டாக்டர் மேடம் பேனா நின்னுடுச்சு. அப்பவே தெரிஞ்சது. ஆறு நாளா அதையேதான் யோசிக்கிறேன். அந்த வார்த்தை எங்கேர்ந்து வந்ததுன்னு எனக்குப் புரியவே இல்ல."

பழனிசாமியின் போன் அலறியது. அவர் மனைவி. "ஹவ், ஹவ், ஆமா, சொல்லு" என்றபடி அவர் பால்கனிக்குப் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டார். கீழே ஒரு லாரி ரிவர்ஸ் எடுத்துக் கத்திக்கொண்டிருந்தது.

"நம்பறதுக்குக் கஷ்டமா இருக்கே" என்றாள் ஸ்டெல்லா. வேண்டுமென்றேதான் கொஞ்சம் குத்தலாகச் சொன்னாள்.

"திருடியிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும் மேடம்." சுபாஸ்ரீ அவளை நேராகப் பார்த்தாள். "திருடினா மண்டை சரியா இருக்குன்னு அர்த்தம். யாரும் சொல்லாத வார்த்தை தானா என் வாயில வருதுன்னா? ராடார் முன்னாடி ஒரே நேரத்துல பன்னெண்டு விமானம் என் கையில இருக்கும். யாரும் கொடுக்காத ஒரு உயரத்தை நான் பாட்டுக்கு ஒருத்தருக்குச் சொல்லிட்டேன்னா?"

அவள் மேஜையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். நிரந்தரமாக ஆபீஸ் வேலையிலேயே வைத்துக்கொள்ளும்படி அவளே அடித்து வைத்திருந்த கடிதம். கையெழுத்து மட்டும் பாக்கி.

"பதினோரு வருஷம் மேடம். எனக்கு வேற எதுவும் பண்ணத் தெரியாது, பண்ணவும் பிடிக்காது. ஆனா என் தலை மேல எனக்கே சந்தேகம் வந்தப்புறம் அந்த சீட்ல உக்காரக் கூடாது. டாக்டர் மேடம் ஃபெயில்னே எழுதட்டும்."

பொய்யழுகையை ஸ்டெல்லா நூறு தடவை பார்த்திருக்கிறாள். இவள் அழவே இல்லை. தன் வேலையைத் தன் கையாலேயே எழுதிக் கொடுக்கிறாள். ஸ்டெல்லா கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

பால்கனிக் கதவு திறந்தது. பழனிசாமி விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தார்.

"போற வழியில கடைக்குப் போகோணும் அம்மிணி. துவரம்பருப்பு, வெல்லம், பூட்டுக்குத் தேங்காய் எண்ணெ... இன்னும் ரெண்டு சொன்னா. போன்ல திருப்பிக்கூடச் சொன்னேன், மறந்துபோச்சு. வெறுங்கையோட போனா கைக்கூ, எதுக்கு வந்தேன்னு கேப்பா."

"கறிவேப்பிலை" என்றாள் சுபாஸ்ரீ, கடிதத்தை மடித்தபடியே. "அப்புறம் மாமியார் கால்வலித் தைலம்."

"ஆமாமுங்க, தைலம்."

அவர் நன்றி சொல்லிவிட்டு நகர்ந்தார். ஸ்டெல்லா நகரவில்லை.

"நீங்க என்கிட்டதானே பேசிட்டிருந்தீங்க?"

"ஆமா மேடம்."

"கதவு சாத்தியிருந்தது. கீழே லாரி. பக்கத்துல உக்காந்திருந்த எனக்கு அவர் பேசினது ஒரு எழுத்து காதுல விழல. உங்களுக்கு எப்படிக் கேட்டது?"

சுபாஸ்ரீ யோசித்தாள். இப்படி ஒரு கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை போலிருக்கிறது.

"அது... பழக்கம் மேடம். ஒரு காது என் பைலட்டுக்கு. இன்னொரு காதுல பாதி பக்கத்து சீட்டுக்கு. அவங்க ஒரு விமானத்துக்கு என்ன உயரம் கொடுக்கிறாங்கன்னு நமக்குத் தெரியணும், இல்லன்னா நானும் அதே உயரத்தைக் கொடுத்துடுவேன். நான் ஒண்ணும் ஒட்டுக் கேக்கல. கேக்கிறேன்னு எனக்கே தெரியாது. அது பாட்டுக்கு உள்ள போயிடும்."

ஸ்டெல்லா அவள் செருப்பை எடுத்து வாசலில் போட்டாள்.

"கிளம்புங்க. அந்தக் கடிதத்தை இங்கேயே வெச்சிட்டு வாங்க."

*

திரும்பி வரும்போது மணி நான்கு முப்பத்தைந்து. டாக்டர் ருக்மிணி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். ரிப்போர்ட் தயார். கடைசிப் பத்தி மட்டும் காலி. சுபாஸ்ரீயைப் பார்த்ததும் அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"டாக்டர், வியாழக்கிழமை உக்காந்த மாதிரியே உக்காருங்க" என்றாள் ஸ்டெல்லா. "அதே கேபின், அதே நாற்காலி, ஏசி அதே வேகம்."

"எதுக்கு? இருபத்தஞ்சு நிமிஷம்தான் இருக்கு."

"அஞ்சு போதும்."

ஒரு பெரிய ஹாலைத் தடுத்துச் செய்த இரண்டு கேபின்கள் அவை. தடுப்புச் சுவர் ஃபால்ஸ் சீலிங் வரைக்கும் போய் நின்றுவிட்டது. அதற்கு மேலே இரண்டுக்கும் பொதுவாக ஒரே வெற்றிடம். ஏசி ஓடினால் பக்கத்தில் யாராவது பேசுவது வெறும் முனகலாகத்தான் இருக்கும். இத்தனை வருஷத்தில் யாரும் அதைப் பற்றிக் குறை சொன்னதில்லை.

பழனிசாமி பக்கத்து கேபினுக்குப் போனார். சாதாரணக் குரலில், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஐந்து விஷயங்களைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் உத்தரவு. சங்கர் என்ன நடக்கிறது என்று பார்க்க வந்து கேபின் வாசலில் நின்றான்.

டாக்டர் எண்களைச் சொன்னார். சுபாஸ்ரீ அவற்றைப் பின்னாலிருந்து முன்னால் சொல்ல வேண்டும். ஏழு எண்கள். சரியாகச் சொன்னாள். எட்டு எண்கள். சரி. தலைக்கு மேலே எங்கேயோ ஒரு முனகல் ஓடியது. ஸ்டெல்லா காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். ஒன்றும் பிடிபடவில்லை.

"நிறுத்துங்க" என்றாள். "பக்கத்துல என்ன சொன்னார்?"

சுபாஸ்ரீ விழித்தாள். பிறகு மெதுவாக, தனக்கே சந்தேகமாக, "எருமை. கொசுவலை. தர்பூசணி. மூத்த மச்சான். பல் டாக்டர்" என்றாள்.

பழனிசாமி எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, என்ற மச்சானைப் பத்தி முணுமுணுத்ததுகூடவா கேட்டுச்சு? அவனைப் பத்தி நான் இன்னும் நெறையச் சொன்னேன். அதையெல்லாம் ரிப்போர்ட்டுல எழுதிறாதீங்க."

டாக்டர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். அவருக்குப் புரிய ஆரம்பித்துவிட்டது. ஆனால் பாதிதான் புரிந்தது.

"இருங்கோ. வியாழக்கிழமை பக்கத்து கேபின்ல படிச்சதும் புதுப் பட்டியல்தான். சங்கருக்கு டெஸ்ட் ஆரம்பிக்கிறதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடி ஒட்டின கவர்ல கொடுத்தேன். அங்கேயும் முருங்கைக்காய் கிடையாதே?"

"படிச்ச பட்டியல்ல கிடையாது டாக்டர்."

ஸ்டெல்லா சுபாஸ்ரீயின் பக்கத்தில் குனிந்தாள்.

"கண்ணை மூடிக்குங்க. இன்னிக்கு வியாழக்கிழமை. டாக்டர் உங்களுக்கு முதல் தடவை படிச்சு முடிச்சிட்டாங்க. நீங்க சொல்லிட்டு நிறுத்துறீங்க. அவங்க எழுதறாங்க. பக்கத்துல யாரு பேசறா?"

சுபாஸ்ரீயின் விரல்கள் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டன.

"ஒரு ஆம்பளைக் குரல். வயசானவர். பளிச்சுன்னு ஆரம்பிக்கிறார். முருங்கைக்காய். தபால். கிணறு. சங்கு... அப்புறம் நின்னுட்டார்."

டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டார். பழைய பட்டியல். அதே வரிசை.

"இது போதாதே மேடம்" என்றான் சங்கர் வாசலிலிருந்து. குரல் இப்போதும் இறங்கித்தான் இருந்தது. "பழைய லிஸ்ட் அவங்ககிட்ட இருந்ததுன்னுதானே இதுக்கு அர்த்தம்? இன்னும் மூணு வார்த்தை சேர்த்துச் சொல்றாங்க."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் கொடுமை. சுபாஸ்ரீ கண்ணைத் திறக்கப் போனாள். ஸ்டெல்லா அவள் தோளில் கை வைத்தாள்.

"திறக்காதீங்க. அவர் நின்னுட்டார். அப்புறம்?"

"இன்னொரு குரல். ரொம்ப சின்னதா, ரகசியம் மாதிரி." அவள் நெற்றி சுருங்கியது. வந்ததை அப்படியே, ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னாள். "அது பழசு மாமா. இன்னிக்கு வேற மாத்திட்டாங்க. நீங்க சும்மா ஏதாவது சொல்லிட்டே இருங்க மாமா, நான் எழுதிக்கறேன்."

டாக்டர் ருக்மிணி மெல்லத் திரும்பினார்.

"மாமாவா?"

சங்கர் வாசலை விட்டு ஓரடி பின்னால் போனான். அங்கே பழனிசாமி நின்றுகொண்டிருந்தார். இருபத்தாறு வருஷம் கேட்டில் நின்ற பழக்கம், எந்தப் பக்கம் நகர வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ஸ்டெல்லா மேஜையிலிருந்து கேப்டனின் தாளை எடுத்து டாக்டர் முன்னால் வைத்தாள்.

"அஞ்சு தடவையும் குடையில ஆரம்பிச்சு மாமரத்துல முடியுது, அச்சடிச்ச வரிசையிலேயே. சுபாஸ்ரீயோட தாளைப் பாருங்க, ஒரு தடவை மாதிரி இன்னொரு தடவை இல்ல. ஞாபகத்துலேர்ந்து வர்றது அப்படித்தானே டாக்டர் கன்னாபின்னான்னு வரும்? வரிசையா வந்தா அது பட்டியலைப் பார்த்து எழுதினது."

டாக்டர் பார்த்தார். நான்கு வருஷமாக நம்பிய கையெழுத்து. இதைப் பார்த்துவிட்டுத்தான் ஆச்சரியம் என்று சொல்லியிருந்தார்.

"அம்மாவோட தம்பி மேடம்" என்றான் சங்கர். சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது. "அப்பா போனப்புறம் என்னை வளர்த்ததே அவர்தான். இருபத்தி ரெண்டு வருஷமா ஓட்டறார். பதினஞ்சு வார்த்தை ஞாபகம் இல்லன்னா விமானம் ஓட்டத் தெரியாதுன்னு ஆயிடுமா? பழைய லிஸ்டை வீட்டுல படிச்சப்ப ஒழுங்காத்தான் சொன்னார். அன்னிக்கு லிஸ்ட் மாறினதும் அவருக்கு எதுவுமே ஒட்டல. படிச்சுக் காட்டின அடுத்த நிமிஷம் இல்ல. நான் என்ன பண்ணுவேன்?"

"இந்தப் பொண்ணு மேல பழியைப் போட்டியே."

"வேலை போனா ஆபீஸ்ல உக்காருவாங்கன்னு நினைச்சேன் மேடம். மாமா வீட்டுல உக்காந்தா செத்துடுவார்."

ஸ்டெல்லா கேட்டது வேறு. "கேப்டனோட ரிப்போர்ட் எங்க இருக்கு?"

"போயாச்சு" என்றார் டாக்டர். "வெள்ளிக்கிழமையே என் கையெழுத்தோட போயாச்சு. திங்கட்கிழமை போர்டு ஃபிட்னு கொடுத்துட்டா."

"இப்ப அவர் எங்க இருக்கார்?"

சங்கர் தரையைப் பார்த்தான். பழனிசாமி அவன் தோளைத் தொட்டார். வேடிக்கை எதுவும் பேசவில்லை. அவர் வேடிக்கை பேசாததுதான் ஸ்டெல்லாவை உண்மையில் பயமுறுத்தியது.

"அஞ்சேகாலுக்கு திருப்பதி" என்றான் சங்கர். "சார்ட்டர், வாடகை விமானம். ஒரு குடும்பம், எட்டுப் பேரு. ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் இதான் முதல் தடவை."

மணி நான்கு ஐம்பத்தி நான்கு.

டாக்டர் கேப்டனின் விமானக் கம்பெனியில் ஆபரேஷன்ஸ் டெஸ்க்குக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அவருக்கு நாக்கு புரளவில்லை. நான் டாக்டர் ருக்மிணி, என் ரிப்போர்ட் தப்பு, இல்லை, என் ரிப்போர்ட் இல்லை, என் ஆள் எழுதினது என்று என்னென்னவோ சொன்னார். அந்தப் பக்கத்து இளைஞன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கேப்டனின் பேப்பர் எல்லாம் சரியாக இருக்கிறது, பயணிகள் ஏறிவிட்டார்கள், நாளைக்கு மெயில் போடுங்கள் மேடம் என்றான்.

"அவரை விடாதீங்கோ, ப்ளீஸ், அவருக்கு..." டாக்டரின் கையிலிருந்து போன் மேஜையில் நழுவியது.

சுபாஸ்ரீ அதை எடுத்தாள். ஸ்பீக்கரை அணைத்துவிட்டுக் காதில் வைத்துக்கொண்டாள்.

கால் மணி நேரத்துக்கு முன்னால் கண்ணை மூடி நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தவளின் குரல் இல்லை அது. அவசரம் இல்லை, கெஞ்சல் இல்லை. ஆங்கிலத்தில் நான்கே வாக்கியங்கள். கேப்டனைத் தகுதியுள்ளவர் என்று எழுதிய டாக்டர் அந்த ரிப்போர்ட்டை இந்த நிமிஷம் திரும்பப் பெறுகிறார். கையெழுத்திட்ட மெயில் இரண்டு நிமிஷத்தில் வரும். அதுவரை விமானம் நின்ற இடத்தை விட்டு நகரக் கூடாது. இதைக் கேட்ட நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், நான்கு ஐம்பத்தி ஆறு.

பேசுவது யார் என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். அவள் ஒரு கணம் தயங்கினாள்.

"கண்ட்ரோலர் சுபாஸ்ரீ" என்றாள்.

அவன் ரிசீவரை மேஜையில் போட்டுவிட்டு ஓடினான் போலிருக்கிறது. அவள் காதை எடுக்கவில்லை. டாக்டர் மெயிலை அடித்துக்கொண்டிருந்தார். தப்புத் தப்பாக அடித்து, அழித்து, மறுபடி அடித்து அனுப்பினார். பிறகு மூச்சு விடாமல் இன்னொரு ஃபைலைத் திறந்தார். காலியாக இருந்த கடைசிப் பத்தியில் ஒரே ஒரு வரி எழுதினார். அதையும் அனுப்பினார். நான்கு ஐம்பத்தி ஒன்பது.

சங்கர் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்திருந்தான். பழனிசாமி ஒரு டம்ளர் தண்ணீரை அவன் பக்கத்தில் வைத்தார்.

"யாரோ வாக்கி டாக்கில சொல்றாங்க" என்றாள் சுபாஸ்ரீ, போனைக் காதில் வைத்தபடியே. "இன்ஜினை அணைக்கச் சொல்றாங்க. கேப்டன் ஏன்னு கேக்கறார். மறுபடியும் ஏன்னு கேக்கறார். கதவைத் திறக்கறாங்க."

எல்லோரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு குழந்தை அழுது. ஒவ்வொருத்தரா இறங்கறாங்க." அவள் போனைக் கீழே வைத்தாள். "நிறுத்திட்டாங்க மேடம்."

ஸ்டெல்லா கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினாள். பணிக்கு முழுத் தகுதி உள்ளவர் என்று இருந்தது. சுபாஸ்ரீ அதை இரண்டு தடவை படித்தாள். அதற்கப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது.